எண்ணெய் தடவிய பத்து பாகங்கள்

கோவையிலிருந்து வந்த மரப்பெட்டியைத் திறந்தபோது பத்து பாகங்களும் ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தன. தாளைப் பிரித்தால் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் பளபளத்தது. பம்பு, மோட்டார் உதிரிபாகங்கள் செய்து பழகிய பட்டறைக்காரர் ஒருவர், தம் பொருள் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறையோடு செய்த வேலை அது. ஆனால் அவை திரவ ஆக்சிஜன் செல்லும் குழாய்த் தொடரில் பொருத்தப்பட வேண்டிய, துருப்பிடிக்காத எஃகினால் ஆன வால்வு உடல்கள். திரவ ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் சிறு அதிர்வே தீ மூட்டப் போதும். எங்கள் தூய்மை அறையின் தொழில்நுட்பர் புற ஊதா விளக்கை அடித்துக் காட்டினார். பாகம் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பெட்டி அன்று மாலையே திருப்பி அனுப்பும் பகுதிக்குப் போயிற்று.

விண்வெளி ஆய்வு மையம் ஒன்றின் தர உறுதிப் பிரிவில் நெடுங்காலமும், ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் தொழில்துறையோடு இணைந்து பணியாற்றும் பிரிவிலும் இருந்தவன் நான். மையத்துக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் இடையிலான உறவு எங்கே கட்டப்படுகிறது, எங்கே முறிகிறது என்பதைப் பற்றி நான் கற்ற பெரும்பாலானவை இந்தப் பெட்டியில் தொடங்கியதால்தான் இதை முதலில் சொல்கிறேன். நிராகரிப்புக் கடிதம் கிடைத்த மறுநாள் பட்டறை உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், எண்ணெய் போடக் கூடாதுன்னு எங்கீங்க எழுதியிருக்குது?" என்று மட்டும் கேட்டார். கோபமில்லாத கேள்வி அது. நான் டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். வலது ஓரத்தில், குறிப்புகளின் வரிசையில் ஏழாவதாக, இன்ன எண்ணுள்ள செயல்முறையின்படி சுத்தம் செய்க என்று இருந்தது. அந்தச் செயல்முறை எங்கள் மையத்தின் உள் ஆவணம். அதை நாங்கள் அவருக்கு அனுப்பவே இல்லை. மையத்துக்குள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததால், வெளியே இருப்பவருக்கு அது வெறும் எண் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் டிராயிங்கின் நகலோடு கோவைக்குப் போனேன். பட்டறையின் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பாகப் படித்தோம். பதினான்கு ஆவண எண்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. அவர்கள் கையில் இருந்தவை ஐந்து. மீதியில் சிலவற்றை அவர்கள் அனுபவத்தால் ஊகித்திருந்தார்கள், சிலவற்றைப் படிக்காமலே விட்டிருந்தார்கள். கூர்முனைகளை நீக்குக என்ற சாதாரணக் குறிப்பைக்கூட அவர்கள் ஒரு விதமாகவும் நாங்கள் வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருந்தோம்: பம்பு உலகில் கையைக் கிழிக்காத அளவுக்கு அரம் போட்டால் போதும், எங்களுக்கோ விளிம்பின் ஆரம் இத்தனைக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. அன்றிலிருந்து, ஆர்டர் கையெழுத்தாகும் முன்பே டிராயிங் வாசிப்புக்கென்று அரை நாள் ஒதுக்குவதை என் பிரிவில் வழக்கமாக்கினேன். வடிவமைத்தவர், தரம் பார்ப்பவர், இயந்திரத்தில் நிற்கப் போகிறவர் மூவரும் அதில் இருக்க வேண்டும். உரிமையாளரும் விற்பனை மேலாளரும் மட்டும் வந்தால் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவேன். இதனால் ஆரம்பத்தில் எனக்குக் கெட்ட பெயர்தான்.

காகிதத்தில் ஏறாத அறிவு கைகளின் வழியாகத்தான் கடக்கிறது என்பதற்கு இந்திய விண்வெளித் துறையிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1974ஆம் ஆண்டு பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு வைகிங் என்ற திரவ எரிபொருள் ராக்கெட் எஞ்சினின் தொழில்நுட்பத்துக்காக இஸ்ரோ ஒப்பந்தம் செய்தபோது, டிராயிங்குகளை மட்டும் வாங்கிக்கொண்டு வரவில்லை. நம் பொறியாளர்கள் வெர்னான் நகருக்குச் சென்று அவர்களுடைய திட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். அப்படி வந்ததுதான் விகாஸ் எஞ்சின். 1985இல் அதன் முதல் சோதனை வெர்னானிலேயே நடந்தது. பிறகு அதே தொழில்நுட்பம் மையத்திலிருந்து மும்பையின் கோத்ரெஜ், ஹைதராபாத்தின் எம்.டி.ஏ.ஆர். போன்ற நிறுவனங்களின் கைக்குச் சென்றது. இஸ்ரோவின் ஏவுகலங்களான பிஎஸ்எல்வியின் இரண்டாம் நிலையிலும் எல்விஎம்3இன் திரவ எரிபொருள் நிலையிலும் இன்றும் விகாஸ்தான் எரிகிறது. தொழில்நுட்பப் பரிமாற்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கோப்புகளை அடுக்கி ஒப்படைக்கும் காட்சியே நம் அதிகாரிகளின் மனத்தில் வருகிறது. வெர்னானில் இருந்துவிட்டு வந்த மூத்தவர்கள் சிலரோடு பழகிய எனக்கு அந்தக் காட்சியில் நம்பிக்கை இல்லை.

இனி மூலப்பொருளின் கதை. எங்கள் வேலைகளில் பெரும்பாலும் உலோகத்தை மையமே கொடுக்கும். உருக்காலையிலிருந்து வந்த ஃபோர்ஜிங்குக்கு, அதாவது அடித்து உருவாக்கிய உலோகக் கட்டிக்கு, எந்த முறை உருக்கிய உலோகம் என்று காட்டும் வெப்பக் குறியீட்டு எண் உண்டு. அந்த எண் கடைசிப் பாகம் வரை தொடர வேண்டும், சீவலைக்கூடக் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். அந்த ஃபோர்ஜிங் ஒன்றின் விலை, அதைச் சீவித் தருவதற்காகப் பட்டறை வாங்கும் கூலியைவிடப் பல மடங்கு இருக்கும். அதற்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கேட்போம். சிறிய பட்டறைக்கு இதுதான் கழுத்தைப் பிடிக்கும் இடம். உத்தரவாதத்துக்காக வங்கியில் முடக்கிய பணம் வேறு வேலைக்கு உதவாது. பாகம் பழுதானால் ஒரு வருட லாபம் போய்விடும். பத்து ஃபோர்ஜிங்குகளையும் ஒரே தவணையில் அனுப்புவது எங்கள் கிடங்குக்கு வசதி. இரண்டிரண்டாக அனுப்பி, முதல் இரண்டும் முடிந்து வந்த பிறகு அடுத்தவற்றை அனுப்பினால், அதே உத்தரவாதத் தொகையைச் சுழற்றிக்கொள்ளலாம். கணக்குப் பிரிவை இதற்கு ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. கிடங்கில் இருந்தவர் தமக்கு ஐந்து முறை வேலை என்று கடைசி வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இந்த ஏற்பாடு பழகியிருந்த ஒரு கோடையில்தான் அந்த வளைய விவகாரம் நடந்தது. 400 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் கலவை வளையம். வெளி விட்டம் 399.943 மி.மீட்டருக்கும் 400 மி.மீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். மாலையில் கடைசி வெட்டு முடிந்ததும் இயக்குபவர் மைக்ரோமீட்டரில் பார்த்தபோது 399.975 காட்டியிருக்கிறது. குறித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரவு நல்ல மழை. காலையில் மீண்டும் அளந்தபோது 399.90. வரம்புக்குக் கீழே 40 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் குறைந்திருந்தது. வெளி விட்டம் குறைந்தால் மறுபடி சீவிச் சரிசெய்ய வழியே இல்லை.

காரணம் எளிமையானது. அலுமினியம் ஒரு பாகை வெப்பத்துக்கு ஒரு மீட்டரில் சுமார் 23 மைக்ரான் விரியும், எஃகு அதில் பாதிதான். வெட்டின் சூட்டோடு 36 பாகையில் இருந்த வளையம், மழைக்குப் பின் 24 பாகைக்கு வந்தபோது 110 மைக்ரான் அளவுக்குச் சுருங்கியது. கருவியும் கொஞ்சம் சுருங்கியதால் வித்தியாசம் எழுபது சொச்சமாகத் தெரிந்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அந்தப் பட்டறை அதுவரை செய்த வார்ப்பிரும்பு வேலையில் இது ஒருநாளும் அவர்களைத் தொந்தரவு செய்ததில்லை.

அன்று காலை அங்கே நடந்ததை உரிமையாளர் பிற்பாடு என்னிடம் சொன்னார். எங்கள் ஆய்வாளர் மதியம் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. மேற்பார்வையாளர், "மதியம் வெயில்ல ஒரு மணி நேரம் வெச்சு எடுத்தா அளவு வந்துருமுங்க, ஆருக்குந் தெரியாது" என்றிருக்கிறார். உண்மைதான், தெரிந்திருக்காது. உரிமையாளர் அவருக்குப் பதில் சொல்லாமல் வெளியே வந்து என்னை அழைத்தார். "சார், ஒரு வளையம் கெட்டுப் போச்சுங்க. நீங்க வந்து பாத்துட்டு என்ன செய்யோணுமோ செய்யுங்க" என்றார். குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. ஃபோர்ஜிங்கின் விலை அவருக்குத் தெரியும்.

மையத்தில் இதைக் கொண்டுபோனபோது, விலையைப் பிடித்தம் செய்து, அவரை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. விதிப்படி அவர்கள் சொன்னது சரி. நான் கேட்டது ஒன்றுதான்: இவரைத் தண்டித்தால், அடுத்த முறை மேற்பார்வையாளரின் யோசனைதானே வெல்லும்? டிராயிங்கிலிருந்து விலகிய பாகங்களை, அதாவது மாறுபாடுகளை, ஆராயும் குழு வளையத்தை ஏவுகலத்துக்கு ஏற்கவில்லை, ஏற்கவும் கூடாது. தரையில் நடக்கும் வலிமைச் சோதனைக்கான மாதிரியில், இடைவெளியைத் தகடு வைத்து நிரப்பிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வடிவமைப்பாளர் ஒருவர் முன்வந்தார். கூலியில் பாதி வெட்டப்பட்டது; ஃபோர்ஜிங்குக்கான பிடித்தம் இல்லை. செயல்முறைத் தாளில் இரண்டு வரிகள் புதிதாக ஏறின. கடைசி வெட்டுக்கு முன் பாகம் அறையின் வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். கருவியை அதே அலுமினியக் கலவையில் செய்த, அளவு சான்றளிக்கப்பட்ட வளையத்தோடு ஒப்பிட்ட பிறகே அளக்க வேண்டும். அந்த ஒப்பீட்டு வளையத்தை நாங்களே செய்துகொடுத்தோம்.

இந்தச் செய்தி எப்படியோ மற்றப் பட்டறைகளுக்கும் பரவியது. அடுத்த ஓராண்டில் எனக்கு வந்த மாறுபாட்டு அறிக்கைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. மேலதிகாரி ஒருவர் தரம் சரிந்துவிட்டதாக நினைத்து விளக்கம் கேட்டார். அறிக்கைகளில் பெரும்பாலானவை பட்டறைகள் தாமாகவே எழுதி அனுப்பியவை, எங்கள் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தவை அல்ல என்பதைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் அவர் சமாதானமானார். தொழில்துறை உறவை அளக்க எத்தனையோ பேர் எத்தனையோ குறியீடுகள் சொல்கிறார்கள். ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, கையெழுத்தான புரிந்துணர்வுகள், விழாப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மாறுபாட்டை முதலில் எழுதியது யார் என்ற இந்த ஒரு விகிதத்தை மட்டும் கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

காத்திருப்பு அடுத்த குறை. எங்கள் வேலைகளில் பல கட்டங்களில் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த வெட்டுக்குப் போக முடியும். ஆய்வாளர் வேறு ஊரில் இருப்பார், ரயிலுக்கு முன்பதிவு கிடைக்காது, அல்லது ஏவுதல் பணிக்காக ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போயிருப்பார். அதுவரை பட்டறையின் சிறந்த இயந்திரத்தில் எங்கள் பாகம் ஏறி உட்கார்ந்திருக்கும். இறக்கினால் மறுபடி நேர்ப்படுத்த ஒரு நாள் போகும். எட்டு பாகங்களுக்கான ஆர்டருக்காக, மாதம் ஆயிரக்கணக்கில் உதிரிபாகம் கேட்கும் வாகன நிறுவனத்தின் வேலையைப் பட்டறைக்காரர் தள்ளிப் போட்டிருப்பார். இந்தக் கணக்கை நாங்கள் போட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் இயந்திர மணிக்கு விலை கிடையாது. தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிற நீங்கள், உங்களால் நேர்ந்த தாமதத்தை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று பட்டறைக்காரர் ஒருவர் கேட்டபோது, கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. இதற்குக் கிடைத்த தீர்வு அரைகுறையானது. ஆய்வு நாட்காட்டியை மூன்று மாதங்களுக்கு முன்பே இரு தரப்பும் எழுதிக்கொண்டோம். நம்பிக்கை பெற்ற பட்டறைகளில் அவர்களுடைய ஆய்வாளருக்கே பயிற்சி கொடுத்து, முக்கியமில்லாத கட்டங்களில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுத்தோம். நான் ஓய்வு பெறும்போது அந்த அதிகாரம் நான்கு பட்டறைகளுக்கே கிடைத்திருந்தது.

பணத்தைப் பற்றிச் சிறு தொழில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாட்கள் பொருளை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதுதான் சிக்கல். ஆனால் பொருள் சேர்ந்த 15 நாட்களுக்குள் வாங்குபவர் எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சேர்ந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பல பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் அடுத்த ஆர்டரை நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சண்டை போடச் சொல்லவில்லை. பொருள் சேர்ந்ததற்கான தேதியிட்ட ரசீதை வாங்கி வையுங்கள். பதினாறாம் நாள் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். என் மேசைக்கு அப்படிப்பட்ட கடிதம் வந்தபோதெல்லாம் கோப்பு நகர்ந்தது.

இவ்வளவு தொல்லைக்கும் பட்டறைகள் ஏன் வருகின்றன? லாபத்துக்காக வருவோர் இரண்டாவது ஆர்டரோடு போய்விடுவார்கள். நின்றவர்கள், எங்கள் வேலையால் தங்கள் கடையின் ஒழுங்கு மாறியதைச் சொல்வார்கள். அந்த ஆவணப் பழக்கத்தைக் காட்டி வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பிடித்ததாகச் சிலர் சொன்னார்கள். ஏவுதல் நாளில் குடும்பத்தோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, எந்த நிலையில் தம் பாகம் எரிந்து விழுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். இந்தப் பெருமையைக் குறைந்த விலைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மையங்களில் உண்டு. அது நியாயமில்லை என்று நான் எழுதிய குறிப்புகள் கோப்புகளில் இருக்கும்.

பெருமையோடு இழப்பையும் அவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஐஆர்என்எஸ்எஸ்-1எச் என்ற வழிகாட்டும் செயற்கைக்கோளின் ஒருங்கிணைப்பிலும் சோதனையிலும் முதன்முறையாகத் தனியார் கூட்டமைப்பு ஒன்று பெருமளவில் ஈடுபட்டது. 2017 ஆகஸ்ட் 31 அன்று பிஎஸ்எல்வி-சி39இன் வெப்பக் கவசம் பிரியாமல் போனதால் அந்தச் செயற்கைக்கோள் கவசத்துக்குள்ளேயே சிக்கி வீணானது. செயற்கைக்கோளைக் கட்டியவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. அடுத்ததான ஐஆர்என்எஸ்எஸ்-1ஐ செயற்கைக்கோள், 2018 ஏப்ரல் 12 அன்று சுற்றுப்பாதையை அடைந்தது.

2020க்குப் பிறகு மேசையின் இருக்கைகள் மாறிவிட்டன. தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தந்து ஊக்குவிக்கும் இன்-ஸ்பேஸ் என்ற அரசு அமைப்பு வந்தது. 2022 செப்டம்பரில் ஐந்து பிஎஸ்எல்வி கலங்களை முழுமையாகக் கட்டும் பொறுப்பு சுமார் 860 கோடி ரூபாய்க்கு, அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்., தனியார் நிறுவனமான எல் அண்ட் டி ஆகியவற்றின் கூட்டமைப்புக்குச் சென்றது; சிறிய ஏவுகலமான எஸ்எஸ்எல்வியின் தொழில்நுட்பத்தை 511 கோடிக்கு எச்.ஏ.எல். பெற்று, 2025 செப்டம்பரில் கையெழுத்திட்டது. அதைக் கற்றுக்கொள்ள 24 மாதம் குறித்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் எத்தனை தொழில்நுட்பர்கள் எந்தத் திசையில் பயணம் செய்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருப்பேன்.

புதிய நிறுவனங்களின் கதை வேறு. தனியார் நிறுவனமான ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ் ராக்கெட் 2022 நவம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது; சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல், பலமுறை தள்ளிப்போன பிறகு 2024 மே 30 அன்று, முப்பரிமாண முறையில் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனைக் கலத்தை ஏவியது. இவர்கள் மையத்துக்குப் பாகம் விற்க வருவதில்லை. மையத்தின் சோதனை மேடையை, கண்காணிப்பு ரேடாரை, பாதுகாப்புக் குழுவின் நேரத்தை வாங்க வருகிறார்கள். வாங்கியே பழகிய நாங்கள் விற்பவர்களாக உட்கார வேண்டியிருந்தது. ஓய்வுக்கு முந்தைய கடைசி ஆண்டில் இளம் பொறியாளர்கள் இருவர் ஒரு சோதனைக்கு நாள் கேட்டு வந்தார்கள். எவ்வளவு கட்டணம், நாள் தள்ளிப்போனால் யார் பொறுப்பு, குளிரூட்டப் பயன்படும் திரவ நைட்ரஜன் காத்திருப்பில் ஆவியாகிப் போனால் அது யார் கணக்கில் என்று வரிசையாகக் கேட்டார்கள். முன்பொருநாள் கூட்டத்தில் பட்டறைக்காரர் கேட்டு, நாங்கள் பதில் சொல்லாமல் விட்ட அதே கேள்விகள்தான் அவை. இந்த முறை எழுத்தில் பதில் தர வேண்டியிருந்தது. மேடையின் ஒரு நாள் செலவைக் கணக்கிட நிதிப் பிரிவு பழைய பதிவேடுகளை எடுத்தபோது, நைட்ரஜன் வாங்கிய அளவு இருந்தது, காத்திருப்பில் இழந்த அளவு எங்கும் இல்லை. தொட்டியின் அளவுமானியைப் பார்த்து இரண்டு வாரம் கையால் குறித்து, அந்த எண்ணை வைத்துத்தான் முதல் விலைப்பட்டியலைத் தயாரித்தோம்.